சாய்ந்தாடும் பலகை

கீழ்வீட்டு நர்ஸம்மா நாலாவது முறையாகப் படியேறி வந்தபோது சண்டை போட வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதுதான் தார்ப்பாய்க் கடை அக்காவுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருக்கலாம்.

நர்ஸம்மாவுக்கு ராத்திரி டியூட்டி. காலை எட்டு மணிக்கு வந்து, குளித்து, ஜன்னலில் கறுப்புத் துணியை மாட்டிவிட்டுப் படுத்தால் மூன்று மணி வரைக்கும் தூங்க வேண்டியவர். அவர் தலைக்கு நேர் மேலேதான் அக்காவின் கூடம். அந்தக் கூடத்தில் நாய் ஓடியது. சமையலறைச் சுவரைத் தொட்டுவிட்டு பால்கனிக் கதவு, பால்கனிக் கதவைத் தொட்டுவிட்டு சமையலறைச் சுவர். திரும்புகிற இடத்தில் நகம் கிறீச்சென்று இழுபடும். அந்தச் சத்தம் தன் மண்டைக்குள் கேட்கிறது என்றார் நர்ஸம்மா.

"நேத்து ஒருத்தருக்குப் போட வேண்டிய ஊசிய பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் போடப் போயிட்டேன்க்கா. கைய நீட்டிட்டாரு அவரு. பேரைக் கேட்டப்புறம்தான் உறைச்சுது. எனக்கு நாய் மேல கோவம் எதுவும் இல்ல. தூக்கம் வேணும், அவ்வளவுதான்."

அன்று சாயங்காலமே வீட்டு ஓனர் போனில் வந்துவிட்டார். மாசக் கடைசிக்குள் நாயை எங்கேயாவது அனுப்பிவிட வேண்டும், இல்லையென்றால் வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம் என்று பேச்சை முடித்துக்கொண்டார். மாசக் கடைசிக்கு இருபத்தாறு நாள் இருந்தது.

நாய் அக்காவின் மகளுடையது. வெளியூரில் வேலை கிடைத்துப் போனபோது, ஹாஸ்டலில் நாயைச் சேர்க்கமாட்டார்கள், வீடு பிடித்ததும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று விட்டுவிட்டுப் போயிருந்தாள். கறுப்பும் வெள்ளையுமான உடம்பு. ஒரு காது நிமிர்ந்து நிற்கும், ஒரு காது மடங்கிக் கிடக்கும். வால் என்று பார்த்தால் அரை சாண்தான். ஆனால் பேர் வாலு. வந்த மூன்று மாதத்தில் மெத்தையின் ஒரு மூலை, டிவி ரிமோட், நான்கு செருப்பு, குழாய்க்காரரின் ஊன்றுகோல் முனையில் இருந்த ரப்பர் எல்லாவற்றையும் கடித்துத் தள்ளியிருந்தது.

குழாய்க்காரர் அக்காவின் புருஷன். ஏழு மாதத்துக்கு முன்னால், ஒரு கட்டிடத்தின் வெளிச்சுவரில் பைப் மாட்டிக்கொண்டிருந்தவர் ஏணியோடு விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் போய், தகடு வைத்துத் தைத்தார்கள். இனி வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. மேஸ்திரி மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தார். முட்டி இன்னும் ஒத்துழைக்கவில்லை என்று மூன்று தடவையும் இவர் ஒரே பதிலைச் சொன்னார். பால்கனியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வேலைக்குப் போன இடங்களிலிருந்து கொண்டுவந்த துண்டு பைப்புகளையும் எல்போ, மூன்று வாய் டீ ஜாயிண்ட், மூடி வகையறாக்களையும் அளவு வாரியாகப் பிரித்து டப்பாவில் போடுவார். பிரித்ததையே மறுநாள் கொட்டி மறுபடி பிரிப்பார். அக்கா அதைப் பார்த்தாலும் வாயைத் திறக்கமாட்டாள். அவள் தார்ப்பாய்க் கடையில் ஒன்பதிலிருந்து ஆறு வரை மெஷினில் உட்காருகிறவள். லாரி மேல் போடுகிற பாயைத் தைத்துத் தைத்துத் தோள்பட்டை இறுகிப்போய் வீடு திரும்பும்போது கேள்வி கேட்கத் தெம்பு இருப்பதில்லை.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு நாயைக் கால்நடை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள். பகலில் தூங்குகிற மாதிரி ஏதாவது மாத்திரை கொடுங்கள் என்றுதான் கேட்டாள். டாக்டரம்மா வாலுவின் பல்லைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், பிறகு ஒரு பேனாவை உருட்டிவிட்டு வாலு ஓடிப்போய் அதைச் சுவர் ஓரமாக மடக்கி நிறுத்துவதைப் பார்த்தார். இதன் முப்பாட்டன் ஆட்டு மந்தை ஓட்டியிருப்பான், இந்த ஜாதிக்கு காலுக்கு வேலை கொடுத்தால் போதாது, மூளைக்கும் கொடுக்க வேண்டும், மாத்திரை தரமாட்டேன் என்றார். தன் போனில் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினார். புல்வெளியில் தடைகள் வரிசையாக நின்றன. ஒரு நாய் கம்பைத் தாண்டியது, குழாய் மாதிரி ஒன்றுக்குள் புகுந்து வெளியே வந்தது, நட்டுவைத்த குச்சிகளுக்கு நடுவே பாம்பு மாதிரி நெளிந்தது, சாய்ந்தாடுகிற சீசா பலகை ஒன்றில் ஏறி மறுபக்கம் இறங்கியது. பக்கத்திலேயே ஒரு அம்மாள் கையை நீட்டி நீட்டிக் காட்டியபடி ஓடினாள்.

அக்கா இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள். அவளுக்கு ஒரு சந்தேகம். "கம்பைச் சுத்திக்கிட்டுப் போனா சுலபமாச்சே. அது எதுக்கு தாண்டுது?"

டாக்டரம்மா சிரித்தார். "அதைத்தான் கண்டுபிடிக்கணும் நீங்க."

இந்த விளையாட்டுக்கென்று விற்கிற சாமான்களின் விலையை போனில் பார்த்தவள், பார்த்த வேகத்தில் மூடிவிட்டாள். ஆனால் டாக்டரம்மா அனுப்பிவைத்த வீடியோவை மட்டும் விடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில், பஸ்ஸில், அடுப்பில் பால் பொங்குகிற வரைக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். குழாய்க்காரர் எட்டிப் பார்த்து, நாய்க்கு சர்க்கஸா என்று கேட்டுவிட்டுப் போனார். ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து, அந்தத் தாண்டுகிற கம்பு முக்கால் இஞ்சா ஒரு இஞ்சா என்று கேட்டார். அன்றைக்குச் சாயங்காலம் பால்கனியில் ரம்பச் சத்தம் கேட்டது.

வீட்டுக்குப் பின்தெருவில் அச்சடிக்கிற பிரஸ் ஒன்று. அதன் பின்னால் சுற்றுச்சுவர் போட்ட காலிமனை. பேப்பர் லோடு வருகிற மரத்தட்டுகளை உடைத்து அங்கேதான் போட்டு வைப்பார்கள். பிரஸ் மானேஜரிடம் அக்கா போய்க் கேட்டாள். காலையில் மெஷின் ஓட ஆரம்பிக்கும் முன் போய்விட வேண்டும், கேட்டைச் சாத்தி வைக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனை சொல்லிச் சாவியைக் கொடுத்தார்.

முதல் தடை செய்த அழகைச் சொல்ல வேண்டும். குழாய்க்காரர் வாழ்க்கை முழுக்க ஒழுகாமல் இருக்கத்தான் பைப் மாட்டினவர். இரண்டு கால், அடியில் குறுக்குக்கட்டை, நடுவில் தாண்டுகிற கம்பு, எல்லா மூட்டிலும் பைப் ஒட்டுகிற சொல்யூஷன் தடவி, முறுக்கி இறுக்கி, யானை மிதித்தாலும் அசையாதபடி கொண்டுவந்து வைத்தார். வாலு தாண்டப் போய், பின்னங்கால் கம்பில் மாட்டி, மொத்தச் சட்டமும் அதன் மேலேயே கவிழ்ந்தது. நாய் எழுந்து பத்தடி தள்ளிப் போய் நின்று அதைப் பார்த்துக் குரைத்தது.

அக்கா போனை எடுத்து வீடியோவை மெதுவாக ஓடவிட்டாள். கால் பட்டால் அந்தக் கம்பு மட்டும் தனியாக விழுவது அப்போதுதான் இருவர் கண்ணிலும் பட்டது. குழாய்க்காரருக்கு இது புதுசு. இருபத்தெட்டு வருஷத்தில் கழன்று விழுவதற்கென்று அவர் எதையும் மாட்டியதில்லை. டீ ஜாயிண்டைக் குறுக்காக அறுத்து, மேல் பாதியை எடுத்துவிட்டு, மீதியைக் கிண்ணம் மாதிரி ஆக்கி, கம்பை அதன் மேல் சும்மா வைத்தார். விரலால் தட்டினால் கம்பு விழுந்தது. எடுத்து வைத்தார். மறுபடி தட்டினார். பத்துப் பன்னிரண்டு தடவை தட்டிப் பார்த்ததை அக்கா எண்ணாமல் எண்ணினாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு ஓரமாக வந்து போனது.

சுற்றிப் போகாமல் ஏன் தாண்ட வேண்டும் என்ற கேள்விக்கும் விடை கிடைத்தது. கம்பைத் தரையிலேயே போட்டு, தாண்டின பக்கம் வேகவைத்த ஈரல் துணுக்கு ஒன்று. சுற்றி வந்தால் ஒன்றும் கிடையாது. கோபமும் கிடையாது. மூன்றாவது நாளே வாலுவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கம்பை ஒரு சாண் தூக்கினார்கள், பிறகு ஒன்றரை சாண். ஈரல் இல்லாத நேரத்திலும் தாண்டிவிட்டு வந்து அக்காவின் முகத்தைப் பார்த்தது. முகத்தில் என்ன கிடைக்கும் என்று பார்த்ததோ, யாருக்குத் தெரியும்.

நெளிந்து போகிற குச்சிகளுக்கு அக்கா தையல் டேப்பை எடுத்து நாயின் மூக்கிலிருந்து பின்புறம் வரை அளந்து கொடுத்தாள். அந்த அளவில் இடைவெளி விட்டு ஆறு பைப்பை ஒரு பலகையில் செருகினார் அவர். புகுந்து போகிற குழாய் அவள் பொறுப்பு. கடையில் கழித்துப் போட்ட தார்ப்பாய்த் துண்டுகளைக் கேட்டு வாங்கி, பழைய ஓஸ் பைப்பை வளையம் வளையமாக உள்ளே வைத்துத் தைத்தாள். பத்தடி நீளம். விரித்தால் கம்பளிப்புழு மாதிரி கிடந்தது. வாலு முதல் நாள் உள்ளே போனது, வெளியே வரவேயில்லை. கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அக்கா மண்டி போட்டுத் தலையை உள்ளே விட்டாள். நாய் நிம்மதியாகப் படுத்துத் தையலை நக்கிக்கொண்டிருந்தது. அந்தத் துண்டு பிஸ்கட் கம்பெனி லாரியில் போட்டிருந்த பாய் என்பது அப்புறம்தான் அவளுக்கு நினைவு வந்தது.

நாயோடு ஓட வேண்டியவள் அக்காதான். குழாய்க்காரருக்குக் கால். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவள் ஓடியது பஸ்ஸுக்காக மட்டும். முதல் வாரம் இரண்டு சுற்றுக்கே நெஞ்சு அடைத்து மரத்தட்டு மேல் உட்கார்ந்துவிட்டாள். அவர் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, நீ கையைத் தாமதமாகக் காட்டுகிறாய், நாய் உன் கையைப் பார்க்கவில்லை உன் தோளைப் பார்க்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். சொன்னது சரியாகவே இருக்கும். அரை மணி நேரம் ஆடிவிட்டு வீட்டுக்கு வந்தால் வாலு தண்ணீரைக் குடித்துவிட்டு மதியம் வரை சுருண்டு படுத்துவிடும். நர்ஸம்மா மேலே வரவில்லை. படியில் எதிரே பார்த்தபோது, இப்போ தூங்கறேன்க்கா என்று மட்டும் சொன்னார்.

அத்தோடு விட்டிருந்தால் வம்பில்லை. சீசா பலகையையும் செய்துவிட வேண்டும் என்று குழாய்க்காரருக்கு ஆசை. மரத்தட்டிலிருந்து எட்டடிப் பலகை ஒன்றைத் தேற்றி, வழுக்காமல் இருக்க பெயிண்டில் மணலைக் கலந்து பூசி, நடுவில் இரும்புச் சட்டத்தின் மேல் தடித்த பைப்பை வைத்து நிறுத்தினார். பார்க்க வீடியோவில் இருந்தது போலவே இருந்தது. வாலு ஆசையாகத்தான் ஏறியது. நடுவைத் தாண்டியதும் பலகை சட்டென்று சாய்ந்து படீரென்று தரையில் மோதியது. நாய் பாதியில் குதித்து, சாத்தாமல் விட்ட கேட் வழியாக ரோட்டுக்கு ஓடிவிட்டது.

சாயங்காலம் வரை தேடினார்கள். அக்கா கடைக்குப் போகவில்லை. குழாய்க்காரர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தார். கடைசியில் தண்ணீர் லாரி நிற்கிற இடத்தில், சக்கரத்துக்கு அடியில் சுருண்டிருந்ததை லாரிக்காரர் காட்டினார்.

அன்றிலிருந்து வாலு எதையும் தொடவில்லை. கம்பைத் தாண்டச் சொன்னால் உட்கார்ந்துகொண்டது. பிஸ்கட் பாய்க்குள்கூட மூக்கை விடவில்லை. வீட்டில் மறுபடி சுவருக்கும் கதவுக்கும் ஓட்டம். நர்ஸம்மா வருவதற்கு முன்னால் அக்காவே கீழே போய் நடந்ததைச் சொன்னாள். மாசக் கடைசி வரைக்கும் பகலில் நாயைக் கடைக்குக் கூட்டிப் போய்விடுகிறேன், உங்களுக்குச் சத்தம் கேட்காது என்றாள். அப்படியே மெஷினுக்கு அடியில் கட்டிப் போட்டாள். கடை முதலாளி முணுமுணுத்தார். இன்னும் பன்னிரண்டு நாள்.

சத்தம்தான் காரணம் என்றார் குழாய்க்காரர். பலகையின் இரண்டு முனைக்கும் அடியில் பழைய டயர் டியூபை மடித்து ஆணியடித்தார். சத்தம் பாதியாகக் குறைந்தது. நாய் கிட்டேயே வரவில்லை. பலகை ஆடுவதுதான் காரணம் என்று நினைத்து அகலமாக இன்னொரு துண்டைச் சேர்த்தார். அதற்கும் வரவில்லை.

அக்கா ஒரு காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்தப் பலகையில் நாய் மாதிரி நாலு காலில் ஏறினாள்.

"என்ன பண்ற நீ?" என்றார் அவர்.

"அதுக்கு என்ன தெரியுதுன்னு பாக்கறேன். அந்தப் பக்கம் புடிச்சுக்கோங்க."

அவர் எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்தார். அவள் தலையைத் தாழ்த்தி, நாயின் கண் இருக்கிற உயரத்துக்கு முகத்தைக் கொண்டுவந்து, ஒவ்வொரு கையாக எடுத்துவைத்தாள். பலகை மேல்நோக்கிப் போனது. அது முடிகிற இடத்துக்கு அப்பால் பிரஸ்ஸின் சுவர்கூட இல்லை, வெறும் வெள்ளை ஆகாசம். நடுவுக்கு வந்தாள். அவர் பிடித்திருக்கிறார் என்று தெரிந்தும் அவளுடைய விரல்கள் பலகை விளிம்பைக் கவ்விக்கொண்டன. அப்படியே படுத்துவிட்டாள்.

"சத்தம் இல்லங்க. பலகை முடியற இடத்துல ஒண்ணுமே தெரியல. கீழ தரை இருக்கறதே மறந்துபோகுது."

"மறக்காது," என்றார் அவர். "தரை இருக்குன்னு நல்லாத் தெரியும். கால்தான் நம்பாது."

அவள் படுத்தபடியே முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தாள். அவர் பலகையின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் போகலாம் என்று சொன்ன மறுவாரம், அவளிடம் சொல்லாமல் மேஸ்திரியின் சைட்டுக்குப் போயிருக்கிறார். ஏணி போட்டிருக்கிறார். நாலாவது படியில் காலை வைத்ததும் தொடை இரண்டும் ஆட ஆரம்பித்துவிட்டது. வியர்த்துக் கொட்டியது. இறங்கி, முட்டி வலிக்கிறது என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டில் போய் அவள் வீடு திரும்புவதற்குக் கொஞ்சம் முன்பு வரை உட்கார்ந்திருந்தார். இதையெல்லாம் பலகையிடம் சொல்வது போலத்தான் சொன்னார். முட்டியில் வலி போய் ரொம்ப நாள் ஆகிறது என்றும் சொன்னார்.

அக்கா ஆறுதலாக ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கேள்விதான் வந்தது.

"மூணாவது படி வரைக்கும் ஒண்ணும் ஆகலையா?"

அவர் யோசித்தார். இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை, அவரும் கேட்டுக்கொண்டதில்லை. "ஆகல. மூணுல நின்னா, குதிச்சாலும் தரை எட்டும்னு தோணும்."

"நாலுல தோணாதா?"

"தோணாது. ஒரு படிதான் வித்தியாசம். ஆனா தோணாது."

வாலு தூரத்தில் உட்கார்ந்து, பலகை மேல் ஒரு பெண்பிள்ளை படுத்திருப்பதைத் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சரி, எறங்கு," என்றார் குழாய்க்காரர். "இதுக்கு மூணாவது படி எதுன்னு பாக்கலாம்."

இரும்புச் சட்டத்தை எடுத்துத் தூர வைத்தார். பலகையைத் தரையில் வெறுமனே போட்டார்கள். வாலு அதைச் சுற்றி வந்து முகர்ந்தது, ஒரு காலை வைத்தது, எடுத்தது. ஈரல் விழுந்தது. இரண்டாம் நாள் நாலு காலும் பலகையில் இருந்தது. மூன்றாம் நாள் அடியில் அரை இஞ்ச் பைப்பை உருட்டி வைத்தார். பலகை ஒரு விரல் தடிமன் ஆடியது. நாய் நின்றது, காதை நிமிர்த்திக் கேட்டது, நடந்தது. பிறகு ஒரு இஞ்ச், இரண்டு இஞ்ச், மூன்று இஞ்ச். ஒவ்வொரு தடவையும் அவர் தரையில் உட்கார்ந்து, இறங்குகிற முனைக்கு அடியில் உள்ளங்கையை வைத்து, பலகையைக் கையோடு மெல்லக் கொண்டுவந்து தரையில் இறக்கினார். நாலு இஞ்ச்சில் வாலு நடுவில் நின்று நடுங்கியது. அவர் அவசரப்படவில்லை. மூன்றுக்கே திரும்பிப் போய் இரண்டு நாள் அங்கேயே இருந்தார்கள். அக்காவுக்குத்தான் நாள் ஓடுகிறதே என்று அடித்துக்கொண்டது.

அந்த வாரம் ஒரு காலை நர்ஸம்மா டியூட்டி முடிந்து சீருடையோடு நேராகக் காலிமனைக்கு வந்துவிட்டார். இந்த நாயை வைத்துக்கொண்டு இவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று பார்க்காமல் படுக்க முடியவில்லை என்றார். மரத்தட்டில் உட்கார்ந்து பார்த்தார். கம்புகளை வாலு மறுபடி தாண்ட ஆரம்பித்திருந்தது. மூச்சு வாங்க வாங்க அக்கா ஓடுவதையும் பார்த்தார். ஈரல் டப்பாவைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாளும் வந்தார்.

மாசக் கடைசிக்கு ஓனர் நேரில் வந்தபோது கீழ்வீட்டுக் கதவைத் திறந்து அவரைப் படியிலேயே நிறுத்தியது நர்ஸம்மாதான். புகார் சொன்னவளே சொல்கிறேன், நாய் இருக்கட்டும், ஆனால் காலையில் அது ஆடாமல் போகிற அன்றைக்கு உங்களுக்கு போன் பண்ணுவேன் என்றார். ஓனருக்குப் பாதி புரிந்தது. அடுத்த மாசம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

குழாய்க்காரர் மேஸ்திரிக்கு போன் செய்ததை அக்கா சமையலறையிலிருந்து கேட்டாள். முட்டி சரியாகிவிட்டது, ஏணி மட்டும் முடியாது, பயமாக இருக்கிறது என்று அப்படியே சொன்னார். மறுமுனையில் மேஸ்திரி என்ன சொன்னாரோ, இவர் வெகுநேரம் ம், ம் என்றார். தரையடி லைன், பாத்ரூம் உள்வேலை என்று வாரத்துக்கு நாலு நாள் வேலை கிடைத்தது. கூலி முன்னைவிடக் குறைவு. மேல்வேலைக்கு இனி போவாரா மாட்டாரா என்று அவளும் கேட்கவில்லை, அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

வேலைக்குப் போக ஆரம்பித்த இரண்டாவது வாரம், பலகையை இரும்புச் சட்டத்தின் மேல் பழைய உயரத்துக்கே ஏற்றி வைத்தார்கள். சாமான் பை தோளில் தொங்க, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டே அவர் வாளிக்குப் பக்கத்தில் நின்றார். இந்தத் தடவை கையைப் பலகைக்குக் கீழே வைக்கவில்லை. அக்கா ஓடினாள். வாலு கம்பு இரண்டைத் தாண்டி, குழாயில் புகுந்து வந்து, பலகையில் ஏறியது. நடுவில் வேகத்தைக் குறைத்தது. முன்னங்காலை அகட்டி ஊன்றி, பலகை சாய்கிற வரை அப்படியே குனிந்து நின்றது. டியூபையும் மீறி டொம்மென்று சத்தம் வந்தது. நர்ஸம்மாதான் திடுக்கிட்டார். நாய் கடைசி வரை நடந்து தரையில் இறங்கியது.

ஈரலுக்கு வரவில்லை. நின்று திரும்பிப் பார்த்தது. அது இறங்கியதும், தூக்கி நின்ற மறுமுனை ஆடி அசைந்து தானாகத் தரைக்கு வந்துகொண்டிருந்தது. வாலு அந்தப் பக்கம் ஓடியது. இறங்கிவிட்ட முனையை முகர்ந்தது. பலகைக்கு அடியில் தலையை விட்டுச் சட்டத்தைப் பார்த்தது. மடங்கின காதும் பாதி நிமிர்ந்திருந்தது. பிறகு ஒரு முன்னங்காலைத் தூக்கிப் பலகை மேல் வைத்து அழுத்தி, அந்தப் பக்கம் என்ன ஆகிறது என்று எட்டிப் பார்த்தது.

"எப்படி ஆடுதுன்னு கண்டுபிடிச்சிடும் போலிருக்கே," என்றாள் அக்கா.

தெருமுனையில் பஸ் வந்து நின்று கிளம்புகிற சத்தம் கேட்டது. குழாய்க்காரர் பையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார். அடுத்ததில் போய்க்கொள்ளலாம்.